பிடிஎப்பை என்ன செய்யணும்னு முதல்ல சொல்லுங்க சாறே

ஞாயித்துக்கிழமை நம்ம வாசகசாலை குழுவுல, விழா நோட்டீஸை நான் லேட்டாக்கிட்டேன்னு நடந்ததைப் பார்த்தவங்களுக்கு மறுபடி விளக்க வேண்டாம். பார்க்காதவங்க ஸ்கிரீன்ஷாட் கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீங்க, தரமாட்டேன். "லினக்ஸ்காரன் கையில நோட்டீஸைக் குடுத்தா விழா முடிஞ்ச பொறவுதான் கிட்டும்"னு பெரியவர் ஒருத்தர் எழுதினார். (என் கணினியில ஓடுறது விண்டோஸ் இல்ல, லினக்ஸ்ங்கிற இலவச இயங்குதளம்.) கீழ சிரிப்பு பொம்மை போட்டவங்க யார் யாருன்னு நானும் பார்த்தேன். நல்லா இருங்க.

அதுல ரெண்டு பேர் அன்னிக்கு ராத்திரியே தனியா வந்து, "அதிருக்கட்டும், லினக்ஸுக்கு நல்ல பிடிஎப் எடிட்டர் எது?"ன்னு கேட்டாங்க. குழுவுல சிரிக்கணும், தனியில கேட்கணும். சரி, பதில் இதுதான்: பிடிஎப்பை வெச்சு என்ன செய்யணும்? அதைச் சொல்லாம எடிட்டர் பேரைக் கேட்காதீங்க.

பக்கத்தைச் சேர்க்க, பிரிக்க, திருப்பத்தானா? பிடிஎப் அரேஞ்சர் போதும், இழுத்து விட்டா முடிஞ்சுது. படிவத்தை நிரப்பவும் குறிப்பு எழுதவும் ஆக்குலர். 2021-லேர்ந்து அது சர்டிபிகேட் வெச்சு டிஜிட்டல் கையெழுத்தும் போடும். வெறும் கையெழுத்துப் படத்தை ஒட்டணும்னா எக்ஸ்ஜர்னல்++. இத்தனை கேபிக்குள்ள சுருக்கணும்னா கோஸ்ட்ஸ்கிரிப்ட். ஸ்கேன் பண்ணின தாளுக்குள்ள தேடணும்னா ஓசிஆர்மைபிடிஎப். தமிழும் மலையாளமும் கலந்த தாளுக்கு ரெண்டு மொழியையும் சேர்த்தே குடுக்கலாம், அச்செழுத்தா இருந்தா ஓரளவு ஒழுங்கா வரும். ஆக, நீங்க 'எடிட்'னு சொல்றதுல முக்காவாசி எடிட்டே இல்ல. இதுக்கெல்லாம் காசும் கிடையாது.

இப்போ நோட்டீஸ் விஷயத்துக்கு வாரேன், ஏன்னா வலிக்கிறது அங்கதான். விழாவுக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு பிடிஎப் வருது. தலைமை தாங்குறவர் பேரு மாறிப்போச்சு, "அதை மட்டும் மாத்திக் குடு மக்கா." திறந்து பார்த்தா தமிழ்ப் பக்கம் பாமினி எழுத்துரு, கேரளத்து இஞ்சிவிளை, பாறசாலை ஆட்களுக்கான மலையாளப் பக்கம் கார்த்திகா. ரெண்டும் யூனிகோடுக்கு, அதாவது எல்லா கணினியும் ஒரே மாதிரி வாசிக்கிற எழுத்து முறைக்கு, முந்தின சமாச்சாரம்; ஆங்கில எழுத்து மேல நம்ம எழுத்தோட உருவத்தை ஒட்டி வெச்சது. லிப்ரே ஆபீஸ் டிராவுல திறந்தா 'தமிழ்'னு இருக்க வேண்டிய இடத்துல ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளின்னு நிக்குது. பாமினியில தமிழ்ங்கிறதை அப்படித்தான் தட்டுவாங்க. எழுத்துருவை நிறுவினா எழுத்து வந்திடும், ஆனா ஒவ்வொரு வரியும் தனித்தனிப் பெட்டியா கிடக்கும். பிடிஎப்புக்குள்ளயே எழுத்துரு இருக்கேம்பீங்க. இருக்கு, ஆனா அந்த நோட்டீஸ்ல வந்த எழுத்துகள் மட்டும்தான் உள்ள இருக்கும். புதுத் தலைவர் பேர்ல ஒரு 'ஜ' வருது, பழைய நோட்டீஸ்ல ஒரு இடத்துலயும் 'ஜ' இல்ல. எங்க போய் எடுக்க? தலைப்பு மொத்தத்தையும் கோரல் டிராவுல கர்வ் ஆக்கி வெச்சிருந்தாங்க, அதாவது அங்க எழுத்தே இல்ல, வெறும் கோடு. வெந்த சோத்தைக் குடுத்து அரிசியாக்கித் தான்னா எப்படி?

மூலக் கோப்பை அனுப்புங்கன்னு கேட்டேன். "அது டிடிபி கடைக்காரர்ட்ட இருக்கு, அவரு போன் எடுக்கல்ல." போன் எடுக்காத அவரு நல்லவரு. ராத்திரி ரெண்டு பக்கத்தையும் முதல்லேர்ந்து யூனிகோடுல தட்டி, எழுத்துப்பிழை பார்த்துக் குடுத்த நான் லேட்டு பண்ணினவன்.

"அக்ரோபாட்ல இது ரெண்டு நிமிஷ வேலை"ன்னு ஒரு தம்பி எழுதியிருந்தான். அடோபியோட அக்ரோபாட் ப்ரோ நல்ல சரக்குதான், இல்லைன்னு சொல்லல. சாதாரண ஆங்கிலப் பிடிஎப்புல எழுத்து மாத்துறதுக்கு அதுக்கு இணை லினக்ஸ்ல இல்ல. ஆனா தம்பி, கர்வ் ஆக்கின தலைப்பை அக்ரோபாட்டும் வாசிக்காது. அப்புறம் உன் அக்ரோபாட்டுக்கு நீ மாசாமாசம் சந்தா கட்டுறியா? சும்மா கேட்டேன்.

எழுத்தைத்தான் மாத்தணும்னு நிக்கிறவங்களுக்கு ஒன்லி ஆபீஸ் இருக்கு, 2024-ல வந்த 8.1 பதிப்புலேர்ந்து பிடிஎப் எடிட்டர் உண்டு. மாஸ்டர் பிடிஎப் எடிட்டரும் நல்லது, ஆனா ஐந்தாம் பதிப்புல காசு கட்டலைன்னா பக்கத்து மேல முத்திரை குத்திடும். ரெண்டுலயும் தமிழைத் தட்டிப் பார்த்து, கொம்பும் காலும் இடத்துல நிக்குதான்னு பார்த்துட்டு மட்டும் அச்சுக்குக் குடுங்க.

இன்னொருத்தர், சில அரசுப் படிவங்கள் லினக்ஸ்ல திறந்தா 'தயவுசெய்து காத்திருக்கவும்'னு மட்டும் காட்டுதேன்னு கேட்டார். உண்மைதான். அது எக்ஸ்எப்ஏ-ங்கிற வகைப் படிவம், அடோபி ரீடருக்குன்னே செஞ்சது, லினக்ஸ்ல உள்ள பெரும்பாலான ரீடர்ல முழுசா திறக்காது. லினக்ஸுக்கான ரீடரை அடோபி 2013-ல 9.5.5 பதிப்போட விட்டுட்டுப் போயிட்டாங்க. அந்த எக்ஸ்எப்ஏ வேண்டாம்னு 2017-ல பிடிஎப் தரத்துலயே ஒதுக்கியாச்சு. இன்னும் அதுல படிவம் செய்றவங்களை யாரும் கேட்க மாட்டாங்க, என்னைத்தான் கேட்பாங்க.

ஆன்லைன்ல ஏத்தினா ஆச்சேம்பவங்களுக்கு ஒண்ணு. கடைக்கு வந்த ஒரு அக்கா, ஆதார் பிடிஎப்போட பாஸ்வேர்டை எடுக்க ஏதோ ஒரு தளத்துல ஏத்தியிருக்காங்க. பேரு, பிறந்த வருஷம், போட்டோ, விலாசம், எல்லாம் எவன் கையிலயோ. கியூபிடிஎப்ங்கிற கருவியில அது ஒரே ஒரு வரிக் கட்டளை, நெட் இணைப்பே வேண்டாம். அப்படி எடுத்த கோப்புல டிஜிட்டல் கையெழுத்து செல்லாமப் போயிடும், அதனால மூலத்தை அழிக்காதீங்கன்னும் சொல்லி அனுப்பினேன். அதுக்கும் பைசா வாங்கல. இதையெல்லாம் குழுவுல யாரும் எழுத மாட்டாங்க.

களியக்காவிளை செக்போஸ்டைத் தாண்டினா கேரளம், பாறசாலை. என் அக்கா மகள் அங்க அரசுப் பள்ளியில ஒன்பதாம் வகுப்பு. கேரள அரசோட பள்ளிக் கணினித் திட்டமான ஐடி@ஸ்கூல் 2001-ல தொடங்கி, 2017-ல கைட்ங்கிற நிறுவனமா மாறி, அந்தப் பிள்ளைங்க லினக்ஸ்லதான் படம் வரையுது, பாடம் படிக்குது. போன லீவுக்கு வந்தவ என் கடைக் கணினியைப் பார்த்து, "மாமா, எங்க லேப்ல உள்ளது இதைவிடப் புதுசு"ன்னு சொல்லிட்டு படம் வரையற இங்க்ஸ்கேப்பைத் திறந்து உக்காந்துட்டா. பஸ்ல கொஞ்ச நேரம் போனா பள்ளிப் பாடம், இங்க என் தலையில ஓசி சாப்ட்வேர்க்காரன்னு பட்டம். ஓசிக்கு வேலை வாங்கினது யாரு, லினக்ஸா?

அடுத்த வருஷ நோட்டீஸ் வேலை எனக்கு வேண்டாம்னு செயலாளர்ட்ட சொல்லியாச்சு. வருத்தம்தான், பள்ளியில படிக்கிற காலத்துலேர்ந்து போற வாசகசாலை. எடிட்டர் எதுன்னு கேட்கிறவங்க கீழ எழுதுங்க: பிடிஎப்பை என்ன செய்யணும், அது யூனிகோடா இல்லையா, மூலக் கோப்பு யார்ட்ட இருக்கு. கடை அடைச்ச பொறவு பதில் போடுறேன். கிராக் லிங்க் போடுறவங்களை பிளாக் பண்ணிடுவேன், சொந்தக்காரங்களா இருந்தாலும்.