அந்த வசனத்துக்கு முன்னால் பத்து வசனங்கள் இருக்கின்றன

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையின் வேதபாட வகுப்பில் நான் பேசியதிலிருந்து ஒன்றரை நிமிடத்தை மட்டும் வெட்டி, "வாக்குத்தத்தத்தை மறுதலிக்கும் சகோதரர்" என்ற குறிப்போடு வாட்ஸ்அப்பில் யாரோ சுற்றுக்கு விட்டிருப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பார்த்தவர்களில் சிலர் எனக்காக ஜெபிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் அன்று ஐம்பது நிமிடம் பேசினேன். மீதி நாற்பத்தெட்டரை நிமிடத்தில் என்ன இருந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஆயர் தொலைபேசியில் அழைத்து, "கொஞ்ச நாளைக்கு வேறு யாராவது வகுப்பை எடுக்கட்டும், அண்ணாச்சி" என்றார். என்னைவிட வயதில் இளையவர், மரியாதையாகத்தான் சொன்னார். வகுப்பு போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. நான் வசனத்தை மறுதலித்தேன் என்ற சொல்தான் தைக்கிறது.

நான் சொன்னது இதுதான். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11, புத்தாண்டு ஆராதனையில் அந்த ஆண்டுக்கான கர்த்தரின் வாக்காக ஒவ்வொருவரும் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் வந்துகொண்டே இருக்கும் வசனம், எரேமியா தீர்க்கதரிசி எழுதிய ஒரு கடிதத்தின் நடுவிலுள்ள ஒரு வரி. அந்தக் கடிதத்துக்கு எழுதியவர் உண்டு, பெற்றவர்கள் உண்டு, எழுத வேண்டிய காரணம் உண்டு. இவற்றை அறியாமல் அந்த வரியை வாசித்தால் எரேமியா சொன்னதற்கு நேர் எதிரானதை அவர் வாயில் திணித்துவிடுவோம்.

கி.மு. 597இல் பாபிலோன் ராஜாவாகிய நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தான். இது வேதாகமத்தில் மட்டும் உள்ள செய்தியன்று. பாபிலோனியரின் சொந்த நாளாகமக் களிமண் பலகை, அவனுடைய ஏழாம் ஆண்டில், அவர்கள் நாட்காட்டியின் ஆதார் என்ற மாதம் இரண்டாம் நாளில் யூதாவின் நகரம் பிடிபட்டதைப் பதிவு செய்திருக்கிறது. 1956இல் அது பதிப்பிக்கப்பட்டது. யோயாக்கீன் ராஜாவும், அவன் தாயும், பிரபுக்களும், தச்சரும் கொல்லரும் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். எருசலேம் இன்னும் நின்றது, ஆலயமும் நின்றது. ஆகையால் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றே: எப்போது திரும்புவோம்? அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் எழுந்து, இரண்டு வருஷம் என்றான். பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியா தம் கழுத்தில் போட்டிருந்த நுகத்தையும் உடைத்துப் போட்டான். எரேமியா கடிதத்தில் எழுதிய எண் எழுபது.

எழுபது வருஷம் என்றால் என்ன பொருள் என்பதை நாம் நின்று யோசிப்பதில்லை. அந்தக் கடிதம் பாபிலோனில் வாசிக்கப்பட்டபோது கேட்டுக்கொண்டிருந்த முப்பது வயதுக்காரன் திரும்பப் போவதில்லை என்று பொருள். அதனால்தான் கடிதம் வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், அந்தப் பிள்ளைகளுக்கும் கலியாணம் செய்துவையுங்கள் என்று தொடங்குகிறது. உங்களைச் சிறைபிடித்த பட்டணத்துக்காகவே விண்ணப்பம்பண்ணுங்கள் என்கிறது. இவ்வளவையும் சொல்லிய பிறகு பத்தாம் வசனத்தில் எழுபது வருஷம் வருகிறது. அதற்குப் பின்தான் நம் அட்டையிலுள்ள பதினோராம் வசனம் வருகிறது. சீக்கிரம் எல்லாம் சரியாகிவிடும் என்று அட்டையின் வழியாக நாம் கேட்டுக்கொள்வது அனனியாவின் செய்தி. அதற்கு எரேமியாவின் கையொப்பத்தைப் போட்டு வைத்திருக்கிறோம்.

அந்த மக்கள் உண்மையில் அங்கே எப்படி வாழ்ந்தார்கள் என்பதும் இன்று நமக்குக் கொஞ்சம் தெரியும். பாபிலோன் அரண்மனையில் கிடைத்து 1939இல் பதிப்பிக்கப்பட்ட களிமண் பலகைகளில், யூதாவின் ராஜாவாகிய யோயாக்கீனுக்கும் அவனுடைய ஐந்து குமாரருக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு இருக்கிறது. 2014இல் பதிப்பிக்கப்பட்ட இன்னொரு தொகுதியில் "யூதாவூர்" என்று பொருள்படும் அல்-யாகூது என்ற குடியேற்றத்தின் பத்திரங்கள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பழையது கி.மு. 572ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நிலக் குத்தகை, கடன், வரி, பேரீச்சம்பழக் கணக்கு, சாட்சிகளின் பெயர்கள், அந்தப் பெயர்களுக்குள்ளே கர்த்தரின் நாமம். வீடு கட்டினார்கள், தோட்டம் நாட்டினார்கள். முதன்முதலில் இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கடிதத்துக்குக் கீழ்ப்படிந்தவர்களின் ரசீதுகளைப் பார்ப்பது போல இருந்தது. இதைப் படித்தவன் விசுவாசத்தை இழப்பான் என்று நீங்கள் எப்படி நினைக்கிறீர்கள்?

இன்னொன்றும் அன்று சொன்னேன், அதுவும் அந்தக் காணொளியில் இல்லை. நம் பழைய மொழிபெயர்ப்பில் "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று வருகிறது. தேர்வு எழுதியவனுக்கும், விசாவுக்குக் காத்திருப்பவனுக்கும், பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்திருப்பவளுக்கும் இது அவரவர் எதிர்பார்க்கும் முடிவாகவே கேட்கிறது. எபிரெயத்தில் உள்ளவை இரண்டு சொற்கள்: அகரீத், திக்வா. முன்னது பின்னால் வரப்போகும் காலம், பின்னது நம்பிக்கை. புதிய தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியம் எதிர்காலம், நம்பிக்கை என்றே பெயர்க்கிறது. பழைய மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்லவில்லை. 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்திலும் இதே சாயல்தான். ஆனால் நாம் கேட்கிற முடிவைத் தருவதாக மூலம் சொல்லவில்லை. மேலும், கர்த்தர் ஒருவரிடம் பேசும்போது நம் வேதாகமத்தில் "நீ", "உன்" என்று வரும். எரேமியாவை அழைக்கும்போது "உன்னை" என்றுதான் வருகிறது. இங்கே "உங்கள்" என்பது ஒரு கூட்டத்தை, சிறைப்பட்டுப்போன ஒரு ஜனத்தைக் குறிக்கிறது. இதற்கு எபிரெயம்கூட வேண்டாம், தமிழை நிதானமாக வாசித்தால் போதும்.

இனி, எளிய விசுவாசிகளை நான் குழப்புகிறேன் என்பவர்களுக்கு. இதை இதுவரை பொதுவில் எழுதியதில்லை. என் அக்கா தன் கடைசிப் புத்தாண்டில் எடுத்த அட்டை இந்த வசனம்தான். அதை மருத்துவமனைக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவைத்திருந்தாள். வந்து பார்த்தவர்களெல்லாம் அதைத் தொட்டுக்காட்டி, கர்த்தர் எழுதிக் கொடுத்துவிட்டார், இனிப் பயமில்லை என்றார்கள். ஆகஸ்டில் அவள் போய்விட்டாள். துக்கவீட்டில் ஒரு பெரியவர் என் அம்மாவிடம், "எங்கேயோ விசுவாசத்தில் ஒரு குறைவு இருந்திருக்கும் அம்மா" என்றார். அம்மா அதை நம்பினார்கள். பதினோரு வருஷம், தாம் கண்மூடும் நாள்வரை, தம்முடைய விசுவாசக் குறைவால்தான் மகள் போனாள் என்று நம்பினார்கள். அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கியவர்களில் எத்தனையோ பேர் பாபிலோனிலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள், அவர்கள் யாரும் விசுவாசம் குறைந்து சாகவில்லை, அந்த வாக்குத்தத்தம் அவர்களுடைய மரணத்தையும் கணக்கில் கொண்டுதான் கொடுக்கப்பட்டது என்று அம்மாவிடம் சொல்ல அன்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொண்டபோது அம்மா இல்லை. எளிய விசுவாசியைக் குழப்பியது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

வேதவசனம் எல்லாக் காலத்துக்கும் உரியதல்லவா என்று கேட்கிறீர்கள். உரியதுதான். எல்லாக் காலத்துக்கும் உரியது என்பதற்கு முதலில் ஒரு காலத்துக்கு உரியதாயிருந்ததில்லை என்று பொருளில்லை. எகிப்திலிருந்து என் குமாரனை வரவழைத்தேன் என்ற ஓசியா தீர்க்கதரிசியின் வசனத்தை மத்தேயு இயேசுவுக்குப் பொருத்தவில்லையா என்று ஒரு சகோதரர் கேட்டிருந்தார். நல்ல கேள்விதான், ஆனால் மத்தேயு செய்ததும் நாம் அட்டை அச்சடிப்பதும் ஒன்றல்ல. ஓசியாவின் "குமாரன்" இஸ்ரவேல் ஜனம் என்பது அவருக்குத் தெரியும், தெரிந்துதான் எழுதினார். இப்படி வாசிப்பது மேல்நாட்டு அவிசுவாசிகளின் படிப்பு என்பவர்களுக்கு ஒன்றைச் சொல்கிறேன். 1715இல் தரங்கம்பாடியில் அச்சான புதிய ஏற்பாடும், 1871இல் வெளிவந்த, பவர் ஐயரின் திருத்திய தமிழ் வேதாகமமும், பிரதிகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் மல்லாடியவர்களின் உழைப்பு. அந்த உழைப்பின் பலன் மட்டும் வேண்டும், உழைப்பு விஷம் என்றால் எப்படி? இன்னும் சொல்லப்போனால், அது முதலில் நமக்கு வந்த கடிதமே அன்று. யூத ஜனம் தங்கள் மிகப் பெரிய இழப்பின் நடுவில் பெற்று, காப்பாற்றி, பிரதியெடுத்து, இன்றுவரை வாசித்துவரும் கடிதம். பிறருக்கு வந்த கடிதத்தை வாசிக்கும்போது, யாருக்கு வந்தது என்று கேட்பது குறைந்தபட்ச மரியாதை. அந்த மரியாதையைக் கேட்டதற்குத்தான் எனக்கு இந்தப் பெயர்.

அதே அதிகாரத்தின் கடைசிப் பகுதியை யாரும் அட்டையில் போடுவதில்லை. எரேமியாவின் கடிதம் பாபிலோனில் வாசிக்கப்பட்டதும், செமாயா என்ற ஒருவன் அங்கிருந்து எருசலேமிலுள்ள ஆசாரியனுக்குப் பதில் எழுதுகிறான். இந்தச் சிறையிருப்பு நெடுங்காலம் இருக்கும், வீடுகளைக் கட்டுங்கள் என்று இந்த மனுஷன் எழுதுகிறானே, இவனை ஏன் கடிந்துகொள்ளவில்லை, ஏன் தொழுமரத்திலே மாட்டவில்லை என்று கேட்கிறான். என்னை எரேமியாவோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் எழுதவேண்டாம். அந்தத் தகுதி எனக்கில்லை என்பது எனக்கே தெரியும். ஆனால் அந்த ஆசாரியன் என்ன செய்தான் என்று பாருங்கள். புகார்க் கடிதத்தை எரேமியாவின் காதுபடவே வாசித்தான். எனக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். வகுப்பின் முழு ஒலிப்பதிவு என்னிடம் இருக்கிறது. கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன், எங்கும் வெட்டாமல். கீழே மறுப்பு எழுத விரும்புகிறவர்கள் எரேமியா 27, 28, 29 ஆகிய மூன்று அதிகாரங்களையும் ஒரே மூச்சில் ஒருமுறை வாசித்துவிட்டு எழுதுங்கள். அரைமணி நேரம்கூட ஆகாது. வாசித்துவிட்டு எழுதுகிற ஒவ்வொருவருக்கும் நான் பதில் சொல்வேன்.