குற்றவாளி யார் என்று சட்டத்தைக் கேட்டால்

'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' படத்தை நேற்று இரவு மூன்றாவது முறையாகப் பார்த்தேன். 1954இல் கை ஹாமில்டன் இயக்கியது. முதல் இரண்டு முறையும் இன்ஸ்பெக்டராக வரும் அலஸ்டேர் சிம்மின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. இந்த முறை ஒரே ஒரு கேள்வியோடு உட்கார்ந்தேன்: இந்தக் கதையில் சட்டப்படி குற்றம் செய்தவர் யார்? கிடைத்த விடை என்னைத் தூங்கவிடவில்லை. கதையின் முடிவு வரை பேசப்போகிறேன், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

1912ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் ஒரு தொழில் நகரத்தில், ஆலை முதலாளி பிர்லிங்கின் வீட்டில் மகள் ஷீலாவின் நிச்சயதார்த்த விருந்து நடக்கிறது. மாப்பிள்ளை ஜெரால்டு, இன்னொரு பெரிய ஆலைக்காரரின் மகன். அங்கே வரும் இன்ஸ்பெக்டர், ஈவா ஸ்மித் என்ற இளம்பெண் கிருமிநாசினியைக் குடித்து இறந்துவிட்டதாகச் சொல்கிறார். விசாரிக்க விசாரிக்க அந்த வீட்டார் ஒவ்வொருவரும் அவள் வாழ்வில் குறுக்கிட்டிருப்பது வெளியே வருகிறது. கூலி உயர்வு கேட்டதற்காகத் தந்தை ஆலையிலிருந்து நீக்கினார். கடையில் வேலைக்குச் சேர்ந்தவளை, தன்னைப் பார்த்துச் சிரித்தாள் என்று மகள் நீக்க வைத்தாள். மாப்பிள்ளை சில மாதங்கள் வைத்திருந்து கைவிட்டார். மகன் எரிக் அவளைக் கர்ப்பமாக்கினான். கடைசியில் உதவி கேட்டு வந்தவளைத் தர்மச் சங்கத்தில் செல்வாக்கோடு இருந்த தாய் வெறுங்கையோடு அனுப்பினார்.

படத்துக்கு மூலமான ஜே. பி. பிரீஸ்ட்லியின் நாடகத்தில் ஒரு கணக்கு வருகிறது. ஆலையில் பெண்களின் வாரக் கூலி சராசரியாக 22 ஷில்லிங் 6 பென்ஸ். அவர்கள் கேட்டது 25 ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஆக வெறும் இரண்டரை ஷில்லிங் உயர்வுக்காக வேலைநிறுத்தம், அதற்காகத்தான் பணிநீக்கம். பிறகு ஈவா கர்ப்பமானதும், அவளுக்குக் கொடுப்பதற்காக எரிக் தந்தையின் அலுவலகப் பணத்தில் சுமார் 50 பவுண்டு கையாடுகிறான். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங் என்று வகுத்துப் பாருங்கள். ஒரு பெண்ணுக்கு அந்த இரண்டரை ஷில்லிங்கை 400 வாரங்கள், ஏறக்குறைய எட்டு ஆண்டுகள், கொடுத்திருக்கலாம்! தந்தை தர மறுத்த பணம் மகன் கை வழியாகத் திருட்டுப் பணமாக அவளிடம் வருகிறது. திருட்டுப் பணம் என்று தெரிந்ததும் ஈவா அதை வாங்க மறுத்துவிடுகிறாள். சோற்றுக்கு வழியில்லாத, வயிற்றில் பிள்ளையைச் சுமக்கிற பெண் மறுக்கிறாள். பிர்லிங்கின் சொத்துரிமையை அந்தக் கதையில் உண்மையாக மதித்தவள் அவள் ஒருத்திதான்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். காரணமில்லாமல் ஒரு தொழிலாளியை நீக்குவது நியாயமற்றது என்று எதிர்த்து வழக்காடும் உரிமை பிரிட்டனில் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம்தான் வந்தது. ஆகவே தந்தை குற்றவாளி அல்ல. கடைக்காரரிடம் புகார் சொன்ன மகளும் அல்ல. காதலியைக் கைவிட்ட மாப்பிள்ளையும் அல்ல. உதவி மறுத்த தாய் மீதும் எந்தச் சட்டமும் பாயாது. ஆனால் தற்கொலை 1961 வரை இங்கிலாந்தில் குற்றம். முயன்று பிழைத்தவர்களை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். எரிக்கின் கையாடலைத் தந்தை வெளியே தெரியாமல் மூடிவிடப் பார்க்கிறார். அதையும் கழித்துவிட்டால், 1912இன் சட்டப் புத்தகத்தில் குற்றவாளி என்று எஞ்சுவது செத்துப்போன ஈவா மட்டும்தான்.

ஐவரில் யார் பாவம் பெரிது என்று கேட்டால் பலரும் தந்தையைச் சொல்வார்கள். எனக்குத் தாய்தான். மனு கொடுக்க வந்தவள் தன் பெயர் 'மிஸஸ் பிர்லிங்' என்று சொல்லிவிட்டாள் என்ற கோபம், அவள் நடத்தை மீது சந்தேகம், இவை போதும் கதவை மூட. அக்கால இங்கிலாந்தின் தர்ம அமைப்புகளில் உதவிக்குத் தகுதியான ஏழை, தகுதியற்ற ஏழை என்று தரம் பிரிக்கும் பழக்கம் வேரூன்றியிருந்தது. பசியை அளப்பதற்கு முன் ஒழுக்கத்தை அளந்தார்கள். நானும் ஒரு காலத்தில் கல்வி உதவி கேட்டு வந்த விண்ணப்பங்களைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருந்தேன். பணிவாக எழுதியவர்கள் பக்கம் என் மனம் சாய்ந்தது. உரிமையோடு கேட்டு எழுதியிருந்த ஒரு மாணவியின் விண்ணப்பத்தைத் தள்ளிவைத்தேன். அந்தத் தாய் நிமிர்ந்து உட்கார்ந்து தன் நியாயத்தைப் பேசும்போது அந்தக் காகிதம்தான் என் கண்முன் வந்தது.

பிரீஸ்ட்லி பிராட்ஃபோர்டில் பிறந்தவர். கம்பளி ஆலைகளின் ஊர் அது. அங்கே 1890-91இல் மானிங்ஹாம் ஆலைத் தொழிலாளர்கள் கூலிக் குறைப்பை எதிர்த்து மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். முதல் உலகப் போருக்கு முன் பிரீஸ்ட்லியே ஒரு கம்பளி வணிக நிறுவனத்தில் எழுத்தராக இருந்தவர். பிர்லிங் போன்றவர்களின் பேச்சை அவர் பக்கத்தில் இருந்து கேட்டிருப்பார் என்றே நான் நம்புகிறேன்.

நாடகத்தில் ஈவா மேடைக்கு வருவதே இல்லை. படத்தில் ஜேன் வென்ஹாம் அவளாக நடித்திருக்கிறார். இதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். நாடகத்தில் இன்ஸ்பெக்டர் புகைப்படத்தைக் காட்டும்போதெல்லாம் ஒருவருக்கு மட்டும் தனியாகத்தான் காட்டுகிறார், ஆகவே அவர்கள் பார்த்தது ஒரே பெண்ணையா, வெவ்வேறு பெண்களையா என்ற ஐயம் நாடகத்துக்கு உயிர். திரையில் ஒரே முகத்தைப் பார்த்துவிட்ட பிறகு அந்த ஐயம் வலுவிழக்கிறது, உண்மைதான். ஆனாலும் நான் படத்தின் பக்கம்தான் நிற்பேன். ஐந்து பேர் மாறி மாறி அவளைப் பற்றிப் பேசும் வீட்டில், அவளையும் ஒரு தடவை நாம் பார்க்க வேண்டாமா?

இன்ஸ்பெக்டரின் விசாரணையைவிட அது முடிந்த பிறகு வரும் காட்சிகள்தான் என்னை அதிகம் உலுக்கின. வந்தவர் சொன்ன பெயரில் காவல்துறையில் இன்ஸ்பெக்டர் யாருமில்லை என்று தெரிகிறது. மருத்துவமனையில் விசாரித்தால் அப்படி ஒரு பெண்ணும் இறக்கவில்லை. உடனே தந்தைக்குச் சிரிப்பு திரும்பிவிடுகிறது. அவர் செய்தது எதுவும் மாறவில்லை, செய்ததாகச் சற்றுமுன் அவரே ஒப்புக்கொண்டும் இருக்கிறார். பிணம் இல்லை என்பதே அவருக்குப் போதுமான விடுதலை. ஷீலாவுக்கும் எரிக்குக்கும் மட்டும் அந்தச் சிரிப்பு வரவில்லை.

அப்போது தொலைபேசி மணி அடிக்கிறது. ஒரு பெண் கிருமிநாசினி குடித்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்துவிட்டாள். விசாரிக்கப் போலீஸ் வருகிறது. இந்த முறை வரப்போகிறவர் உண்மையான இன்ஸ்பெக்டர். அந்தச் சாவுக்காக இவர்களில் ஒருவரைக் கைது செய்யவும் அவரிடம் ஒரு சட்டப்பிரிவு கிடையாது.