பீரோ கண்ணாடி போதாதாம்மா?

அம்மாவைக் கிண்டல் பண்ற அந்த ரீலை, அதான் குட்டி வீடியோவை, நீங்களும் பாத்திருப்பீங்க. எல்லார் டைம்லைன்லயும் அதான் ஓடுது. ஆளுயரக் கண்ணாடி கேட்ட அம்மா, "பீரோ கண்ணாடி போதாதாம்மா, ராம்ப் வாக்கா போகப் போற?"ன்னு கேக்கற பிள்ளை, பின்னணியில ஒட்டவச்ச சிரிப்புச் சத்தம். அந்தம்மாவும் கூடவே சிரிச்சுட்டு உள்ள போயிடறாங்க. அவங்க சிரிச்சதாலயே "ஜாலியா எடுத்துக்கிட்டாங்க"ன்னு சர்டிபிகேட் கொடுக்கறவங்களுக்கு என்ன சொல்றது?

அந்தம்மா கேட்டது ஒரு கண்ணாடி. அவ்வளவுதான்.

தம்பி, பீரோ கண்ணாடி போதாது. ஏன்னு கணக்கோட சொல்றேன், உனக்கு அறிவியல் பிடிக்கும்னு உன் பயோல போட்டிருக்க. நேரா மாட்டின தட்டைக் கண்ணாடியில பாதம் தெரியணும்னா, கண் உயரத்துல சரிபாதி வரைக்கும் கண்ணாடி கீழ இறங்கி இருக்கணும். அம்மா 5 அடி 2 அங்குலம்னு வச்சுக்குவோம். கண் ஏறக்குறைய 58 அங்குலத்துல இருக்கும். அப்போ கண்ணாடியோட கீழ் விளிம்பு 29 அங்குலத்துல இருந்தாதான் பாதம் தெரியும். நிறைய பீரோல கண்ணாடி மூணு அடி உயரத்துலதான் ஆரம்பிக்குது. 36-ஐ இரட்டிச்சு 58-ஐக் கழிச்சா 14. தரையிலிருந்து 14 அங்குலம் வரைக்கும் எதுவும் தெரியாது. புடவைக் கரை, கொசுவம் கீழ விழற அழகு, செருப்பு, எதுவுமே. "கொஞ்சம் பின்னாடி போய்ப் பாரும்மா"ன்னு அறிவுரை வேற சொல்ற. சுவர் இடிக்கற வரைக்கும் பின்னாடி போனாலும் அதே 14 அங்குலம் மறைஞ்சேதான் இருக்கும். கண்ணாடியில தூரம் உதவாது, உயரம்தான் உதவும்.

இதுலயே ஒரு நல்ல சேதியும் இருக்கு. ஆளுயரம் தெரிய ஆளுயரக் கண்ணாடி வேண்டாம், உன் உயரத்துல பாதி இருந்தா போதும். அம்மாவுக்கு 31 அங்குலம். வீட்டுல குட்டை நெட்டை எல்லாருக்கும் சேர்த்து 4 அடிக்கு ஒன்றரை அடி, கீழ் விளிம்பு தரையிலிருந்து 2 அடி. முடிஞ்சது. 5 மி.மீ. கண்ணாடின்னா அந்த அளவு ஏறக்குறைய 7 கிலோ வரும்.

3 மி.மீ. வாங்காதீங்க. கிளிப்பை இறுக்கினாலே வளையும், பின்னாடி இருக்கற பிளைவுட் கோணலா இருந்தாலும் வளையும். நடுப்பகுதி உங்க பக்கம் உப்பினா குட்டையா அகலமா தெரிவீங்க, உள்வாங்கினா நெட்டையா ஒல்லியா. அதே மாதிரி சுவத்துல சாய்ச்சு வச்ச கண்ணாடியில தலை தூரமாவும் கால் கிட்டவும் வர்றதால கால் நீண்டு தெரியும். கடையில அழகா இருந்த குர்தி வீட்டுக்கு வந்ததும் ஏன் தொங்குதுன்னு உடம்பைத் திட்டறோம். வாங்கும்போது தரை டைல்ஸ் கோடு அதுல எப்படித் தெரியுதுன்னு தலையை அசைச்சுப் பாருங்க. கோடு நெளிஞ்சா அந்தக் கண்ணாடி வேண்டாம்.

ஒட்டறதா இருந்தா வினிகர் வாசனை அடிக்கற சிலிக்கான் கூடாது, அது பின்பக்க வெள்ளிப் பூச்சை அரிச்சுடும். நியூட்ரல் சிலிக்கான்னு கேட்டு வாங்குங்க. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் உப்புக் காத்துல ஓரம் கறுக்கறது வேற கதை. வெட்டின விளிம்பு வழியாதான் ஈரம் உள்ள போகும். துடைக்கும்போது தண்ணியை நேரா கண்ணாடில அடிக்காம துணில நனைச்சுத் துடைங்க.

வெளிச்சம் உங்க முன்பக்கம் விழணும். முதுகுக்குப் பின்னாடி டியூப்லைட் இருந்தா எந்த மூஞ்சியும் சோகமாத்தான் இருக்கும். பக்கத்துல ஜன்னல் இருந்தா உத்தமம். தி.நகர்ல பெரியவங்க புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாக்கறதைக் கிண்டல் பண்ணுவோம். புடவைச் சாயமும் பிளவுஸ் துணிச் சாயமும் வேற வேற, கடை விளக்குல ஒண்ணாத் தெரியறது வெயில்ல தனித்தனியா நிக்கும். அவங்களுக்கு அது தெரியும்.

சரி, கண்ணாடிக்கு முன்னாடி நின்னு என்ன பண்றது? அளவு பாக்கறது. ஒரு ஞாயித்துக்கிழமை பகல்ல நாலு செட் துணியை எடுத்துக்குங்க. வெளிய போட்டுக்கிட்டுப் போற அதே செருப்பைப் போட்டுக்கிட்டு நில்லுங்க, அது இல்லாம புடவை உயரம் பாக்கறது வீண். தோள் தையல் தோள் எலும்பு நுனியில உக்காருதா? மார்புக்குக் குறுக்க சுருக்கம் இழுத்தா துணி பத்தலன்னு அர்த்தம், நீங்க கூடுதல்னு இல்ல. 29சி பஸ்ல கம்பியப் பிடிக்கற மாதிரி கையைத் தூக்குங்க. நாற்காலில உக்காருங்க. கைக்கண்ணாடி வச்சு முதுகைப் பாருங்க. பாத்ததை அளவாச் சொல்லுங்க, திட்டாச் சொல்லாதீங்க. "இடது தோள் தாழ்வு"ங்கறது தகவல். "கேவலமா இருக்கேன்"ங்கறதை வச்சு ஒரு தையல்கூடப் போட முடியாது.

என்கிட்ட துணி தைக்கக் கொடுக்க வர்ற ஒரு அக்கா, பேங்க் வேலை. எப்பவும் "இடது பக்கம் நழுவுது, நீங்க சரியாத் தைக்கல"ன்னு ஒரே சண்டை. டிரையல் கண்ணாடி முன்னாடி நேரா நிக்க வச்சதும் அவங்களே பாத்தாங்க, இடது தோள் அரை அங்குலம் இறக்கம். "இது இத்தனை வருஷமா எங்க இருந்துச்சு?"ன்னு சிரிச்சாங்க. அவங்க வீட்டுல இருந்தது வாஷ்பேசின் கண்ணாடி. இப்ப ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனியா வெட்டறோம், சண்டை இல்ல.

"மனசு அழகா இருந்தா போதாதா"ன்னு வருவீங்க, வாங்க. இதைச் சொல்றவங்க புரொபைல் போட்டோவை எத்தனை தடவை மாத்தினாங்கன்னு பாத்துட்டு வந்து பேசறேன்.

"கண்ணாடி பாத்துப் பாத்தே தாழ்வு மனப்பான்மை வருது"ன்னு ஒரு தங்கச்சி எழுதியிருந்தாங்க. அது நிஜம். ஒரே இடத்தை மணிக்கணக்கா உத்துப் பாக்கறவங்களுக்கு, சாப்பாட்டைக் கண்டாலே பயப்படறவங்களுக்கு நான் சொல்றது பொருந்தாது. அவங்க மனநல மருத்துவரோட சேர்ந்துதான் இதைச் செய்யணும். ஆனா முகத்துக்கு ஒரு அடில செல்ஃபி கேமராவைப் பிடிச்சு மூக்கு பெருசாத் தெரியறதுக்கு அழறதைவிட, ஆறடி தள்ளி நின்னு முழு ஆளைப் பாக்கறது எவ்வளவோ மேல்.

"இதெல்லாம் மேல்தட்டு ஆசை"ன்னு ஒருத்தர். அய்யா, கன்னியாகுமரிப் பக்கம் சாமித்தோப்புல அய்யா வைகுண்டரோட பதியில, அதாவது அவரோட கோயில்ல, மக்கள் கும்பிடறது எதிர்ல இருக்கற கண்ணாடியைப் பாத்துத்தான். தலைப்பாகை கட்டவே உரிமை இல்லாத ஜனங்க தலைப்பாகை கட்டிக்கிட்டு அதுல தங்களைப் பாத்தாங்க. மேல்சீலை போடறதுக்கே அந்தச் சீமையில பொம்பளைங்க 1859 வரைக்கும் போராடினாங்க. யாரு எதை உடுத்தலாம், யாரு தன்னைத் தலைநிமிந்து பாக்கலாம்னு மத்தவன் தீர்மானிச்ச ஊரு இது. இன்னிக்கு அந்த வேலையை வீட்டுக்குள்ளயே பிள்ளைங்க செய்யறாங்க, சிரிப்புச் சத்தம் போட்டு. பிள்ளையோட ஜிம்ல சுவர் முழுக்கக் கண்ணாடி, அது ஃபிட்னஸாம். அம்மா கேட்டா ராம்ப் வாக்காம்.

அந்தம்மா கேட்டது ஒரு கண்ணாடிதான்யா. அதுக்குக் காரணம் சொல்ல வேண்டிய அவசியம்கூட அவங்களுக்கு இல்ல.

கட்டிலுக்கு எதிர்ல வைக்கலாமா, வாஸ்துன்னு கேட்டு கமெண்ட் போடாதீங்க, ஜன்னல் எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க. வாடகை வீடு, சுவத்துல ஆணி அடிக்க ஓனர் விடமாட்டார்னா, கதவு உள்பக்கம் கெட்டியான மரமா இருந்தா அதுல கிளிப் போட்டு மாட்டலாம், உடைஞ்சாலும் சிதறாம இருக்கப் பின்னாடி ஃபிலிம் ஒட்டச் சொல்லுங்க. விலை கேட்டு இன்பாக்ஸ் வராதீங்க, நான் கண்ணாடிக் கடை வைக்கல.