மெஷின் முதலில் எடுத்துக்கொள்வது பழகுபவரின் வேலையை

கம்ப்யூட்டர் கட்டளைப்படி தானாகச் செதுக்கும் சிஎன்சி மெஷின் வந்து ஆசாரிகளின் பிழைப்பைக் கெடுத்துவிட்டது என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம், உளி எப்படி ஒரு கருவியோ அப்படித்தான் கம்ப்யூட்டரும், இதற்கு எதற்குப் பதற்றம் என்கிறார்கள். சென்னையில் கட்டட வடிவமைப்புத் தொழிலில் இருப்பதால் இந்த இரண்டு பேச்சையும் பல வருடங்களாகக் கேட்கிறேன். இரண்டிலும் ஒரு ஆள் விடுபட்டுப்போகிறார். கை தேர்ந்த மூத்த ஆசாரிக்கு இன்றைக்கும் வேலை இருக்கிறது. சொல்லப்போனால் அவர் தேதி கொடுக்கும் வரை நாம்தான் காத்திருக்கிறோம். மெஷின் வாங்கிக்கொண்டது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்த பையனின் வேலையை. அந்தப் பையன் இனி எங்கே பழகுவான், பழக ஆசைப்படும் ஒரு பெண் எங்கே பழகுவாள் என்பதுதான் என் கவலை.

மரவேலையைப் பார்ப்போம். இன்று ஒரு பூஜை அறைக் கதவு எப்படித் தயாராகிறது? வீட்டுக்காரர் செல்போனில் ஒரு படம் காட்டுகிறார். அதற்கு நெருக்கமான டிசைன் ஃபைல் கட்டிங் கடையில் ஏற்கெனவே இருக்கும், இல்லையென்றால் இணையத்தில் கிடைக்கும். தேக்குப் பலகையை மெஷின் மேல் கிளாம்ப் போட்டு இறுக்கி, பிட் எனும் சுழலும் வெட்டுமுனையை மாட்டி ஓடவிட்டால் அன்னமும் கொடியும் தாமரையும் இரவோடு இரவாக எழுந்து நிற்கின்றன. கைவேலையோடு ஒப்பிட்டால் செலவு பல மடங்கு குறைவு. செதுக்கிய கதவை நினைத்துக்கூடப் பார்க்க முடியாமல் இருந்த குடும்பங்களின் வீட்டில் இன்று அது இருக்கிறது. இதை நான் மனதார நல்லது என்றே சொல்வேன்.

ஆனால் அந்தக் கதவைப் பக்கவாட்டில் நின்று விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் இருப்பது மூன்று அச்சு மெஷின். பிட் இடம் வலமாகப் போகும், முன்னும் பின்னும் போகும், மேலிருந்து கீழே இறங்கும். இலையின் அடிப்பக்கமாக நுழைந்து மரத்தை எடுக்க அதனால் முடியாது. கையால் செதுக்கிய கொடியில் இலையின் விளிம்பு பலகையை விட்டு எழும்பி நிற்கும், அதன் கீழே ஒரு நிழல் விழும். மெஷின் வேலையில் அந்த நிழல் இல்லை. உள்மூலைகளும் பிட்டின் வளைவுக்குத் தகுந்தபடி உருண்டுவிடும். நல்ல வேலை வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, மெஷினிலிருந்து வந்த பலகையை ஒரு ஆசாரியிடம் கொடுக்கிறோம். அவர் மூலைகளை உளியால் கூராக்கி, இலைகளின் அடியை எடுத்து, மூக்குக்கும் கண்ணுக்கும் உயிர் கொடுத்துத் திருப்பித் தருகிறார். மெஷினும் கையும் சேர்ந்த இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. சிக்கல், அந்த ஆசாரி எப்படி ஆசாரி ஆனார் என்று யோசிக்கும்போது வருகிறது.

முன்பெல்லாம் டிசைனைப் பலகையில் பதிப்பதும், கொடிக்கும் பூவுக்கும் நடுவே உள்ள மரத்தை எடுத்துத் தளத்தைச் சமமாக்குவதும் பழகுபவரின் வேலை. அலுப்பான வேலைதான். ஆனால் அந்த அலுப்பில்தான் அவர் எல்லாவற்றையும் படித்தார். நாரின் போக்குக்கு எதிராக உளி போனால் மரம் பிளக்கும் என்பதும், உளி மழுங்கியதைக் கண்ணுக்கு முன்னால் காது கண்டுபிடிக்கும் என்பதும், கொட்டாப்புளியை எந்த இடத்தில் ஓங்கி அடிக்கலாம், எந்த இடத்தில் தட்டினாலே போதும் என்பதும் அங்கேதான் கைக்கு வந்தது. கெட்டுப்போனாலும் பெரிய நஷ்டம் இல்லாத பகுதி அது. செதுக்கும் உருவங்களின் முகத்தை அவர் அன்று தொடவில்லை. அந்தப் பகுதியை மெஷின் முழுக்க எடுத்துக்கொண்டது. மிச்சம் இருப்பது முகமும் மூலையும் மட்டும், அதாவது கடைசியாகக் கற்க வேண்டியவை. முதல் நாளே யாரால் முகத்தைத் தொட முடியும்?

கல்லிலும் இதே கதைதான், ஆனால் கல்லைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறக்கக் கூடாது. மாமல்லபுரம் பக்கம் பட்டறைகளில் பெரும்பகுதிக் கல்லை வெட்டித் தள்ளுவது இப்போது மின்கருவிதான். கருங்கல் தூசியில் இருக்கும் சிலிகா நுரையீரலைத் தின்றுவிடும். வந்த பிறகு குணமாக்க முடியாத நோய் அது. தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே வெட்டும் மெஷின் அந்தத் தூசியைப் பெருமளவு அடக்கும். ஒரு சிற்பியின் மூச்சைக் காப்பாற்றும் எந்த மெஷினையும் நான் வரவேற்கிறேன். பழைய முறை அப்படியே நிற்க வேண்டும் என்று தூரத்திலிருந்து ரசிப்பவர்கள் ஒரு நாள் முழுக்க அந்தத் தூசியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

நகைத் தொழிலில் இந்த மாற்றம் ஏறக்குறைய முடிந்தேவிட்டது. திரையில் வரைந்த டிசைன் மெழுகாக அச்சாகி, வார்ப்புக்குப் போகிறது. பத்தர் கையில் மிஞ்சியிருப்பது ஒட்டுவதும் கல் பதிப்பதும் மெருகேற்றுவதும்.

சென்னைக்காரர்கள் கண்முன்னே முழுசாகக் காணாமல் போனது பேனர் ஓவியம். அண்ணா சாலை தியேட்டர் வாசல்களில் நின்ற அந்தப் பிரம்மாண்ட முகங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஒரு புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாக்கி வரைவார்கள். புதிதாகச் சேர்ந்தவர் வண்ணம் கலப்பார், பிரஷ் கழுவுவார். அப்புறம் வானத்தை நிரப்புவார், அப்புறம் சட்டை மடிப்பு, கடைசியில்தான் முகம். டிஜிட்டல் ஃப்ளெக்ஸ் வந்த சில வருடங்களில் வானமும் சட்டையும் முகமும் ஒன்றாகப் போய்விட்டன. 2009 வாக்கில் சென்னை மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர்களை அகற்றி ஓவியம் வரைய வைத்தபோது, பேனர் வரைந்த கைகள் சிலவற்றுக்கு மறுபடி வேலை கிடைத்தது. ஒரு பொது அமைப்பு மனது வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது ஒரு அடையாளம். தொடர்ந்திருக்க வேண்டும்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். எங்கள் அலுவலகங்களும் இதிலிருந்து தப்பவில்லை. டிரேசிங் பேப்பர், ரோட்ரிங் பேனா, தப்பான கோட்டைச் சுரண்ட பிளேடு என்று இருந்த காலத்தில் புதிதாக வந்தவர்களுக்குக் கொடுத்தது மாடிப்படியும் கழிப்பறையும்தான். ஒரு மாடிப்படியை வெட்டுத்தோற்றத்தில் வரைய வேண்டுமென்றால் ஒவ்வொரு படியையும் எண்ணியாக வேண்டும். இறங்கி வருபவரின் தலை மேலே பீமில் இடிக்குமா என்று அளந்தாக வேண்டும். கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் ஆட்டோகேட் மென்பொருள் 1982-ல் வந்தது. நம் ஊர் அலுவலகங்களை அது பிடிக்கக் கொஞ்சம் காலம் ஆனது. அதிலும்கூட ஒரு கோட்டை நாம்தான் போட வேண்டும். அதற்கடுத்து வந்த மென்பொருளில் தளத்தின் உயரத்தைச் சொன்னால் படி தானாக வந்து நிற்கிறது. கடந்த சில வருடங்களாக ஏஐ-யிடம் ஒரு வாக்கியம் எழுதினால் வீடே படமாக வந்துவிடுகிறது.

அந்தப் படங்களை நான் நிறையப் பார்க்கிறேன். மேற்கு வெயில் நேராக விழும் பக்கத்தில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. சன்ஷேட் இருக்காது. இருந்தாலும் அதன் அடியில், விளிம்பை ஒட்டி, மழைத்தண்ணீர் சுவருக்கு ஓடிவராமல் சொட்டிவிழ ஒரு சின்னப் பள்ளம் விட வேண்டும் என்பது படத்துக்குத் தெரியாது. வடகிழக்குப் பருவமழை இரண்டு முறை அடித்தால் அந்தப் பள்ளம் இல்லாத சுவரில் கறுப்புக் கறை இறங்கிவிடும். இது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. அந்தப் பள்ளத்தைக் கையால் வரைந்து, கொத்தனார் எப்படி அதை விடுகிறார் என்று சைட்டில் நின்று பார்த்த ஒருவருக்கு வாழ்நாளுக்கும் மறக்காது. எங்களிடம் வரும் இளைஞர்கள் திறமைசாலிகள், எங்கள் தலைமுறையைவிட வேகமாகச் சிந்திக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பள்ளத்தை வரையும் சந்தர்ப்பத்தை நாம் கொடுப்பதில்லை, ஏனென்றால் பழைய ஃபைலிலிருந்து எடுத்து ஒட்டிவிடலாம்.

2021-ல் சென்னை ஐஐடி வளாகத்தில், அங்கே படித்தவர்கள் தொடங்கிய த்வஸ்தா நிறுவனம் மெஷினே கான்கிரீட்டை அடுக்கடுக்காக ஊற்றிச் சுவர் எழுப்பும் 3டி பிரிண்டிங்கில் 600 சதுர அடி வீடு ஒன்றைக் கட்டியது. இந்தியாவில் முதல் முயற்சி என்று பெருமையாகப் பேசினோம், அந்தப் பெருமையில் தப்பில்லை. 2023-ல் பெங்களூருவில் திறந்த அஞ்சலகத்தையும் எல் அண்டு டி நிறுவனம் சென்னை ஐஐடியின் வழிகாட்டுதலோடு இப்படியே கட்டியது. கட்டட வேலையில் ஒரு படிநிலை உண்டு: சித்தாள், கொத்தனார், மேஸ்திரி. செங்கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டே, கலவை போட்டுக்கொண்டே ஒருவர் கொத்தனார் ஆவார். சுவர் மெஷினிலிருந்து வந்தால் முதல் படி என்ன? அந்த மெஷினை ஓட்டக் கற்பவர்களில் சித்தாளாக வேலை செய்தவர் ஒருவராவது இருப்பாரா?

இங்கே பழைய முறையின் அநியாயத்தையும் சொல்ல வேண்டும். சித்தாள் வேலை பார்க்கும் பெண் ஆயுள் முழுக்கச் சித்தாள்தான். அவர் கையில் கரண்டியைக் கொடுத்தவர்கள் அபூர்வம். பட்டறைகளில் சாதி பார்த்துத்தான் சேர்த்தார்கள். காஞ்சிபுரம் தறிகளில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து இணைக்கும் கோர்வைப் புடவை நெய்யும்போது ஒரு பக்கக் கரையின் நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தது எத்தனையோ வீடுகளில் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய குழந்தை. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி இந்த மாநிலம் எதிர்த்தது, அடுத்த ஆண்டே காமராஜர் அதைக் கைவிட்டார். அது சரியான முடிவு. அப்பன் தொழில் பிள்ளைக்கு என்ற நிலைக்கு ஒரு அங்குலம்கூடத் திரும்பக் கூடாது. இன்று எந்தச் சாதியில் பிறந்த பெண்ணும் ஒரு லேப்டாப்பில், இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில், ஒரு சிற்பத்தை உருவாக்கிப் பழக முடிகிறது என்றால் அந்த வாசலைத் திறந்தது டிஜிட்டல்தான்.

ஆனால் வாசலுக்கு உள்ளே போனபின் கைக்கு ஒரு இடம் வேண்டும். யூடியூபில் உளி பிடிக்கும் கோணத்தைப் பார்க்கலாம். உளி எவ்வளவு எதிர்க்கிறது என்பதைப் பார்க்க முடியாது.

பாரிஸ் நோத்ர தாம் பேராலயம் 2019 ஏப்ரலில் எரிந்தபோது எல்லோரும் கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன் எடுத்து வைத்திருந்த லேசர் ஸ்கேனைப் பற்றிப் பேசினார்கள். அது பெரிய உதவிதான். கூரையின் மரச்சட்டகத்தையும் கட்டடக்கலைஞர்கள் 2014-லேயே அளந்து வரைந்து வைத்திருந்தார்கள். ஆனால் 2024 டிசம்பரில் பேராலயம் மறுபடி திறந்ததற்கு இன்னொரு காரணம், ஓக் மரத்தைக் கோடரியால் செதுக்கத் தெரிந்த தச்சர்கள் பிரான்ஸில் இருந்தார்கள். பழகுநர்களைச் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் தச்சர் அமைப்புகளை அவர்கள் விடாமல் நடத்தி வந்திருக்கிறார்கள். நமக்கும் சின்ன அளவில் ஒரு அனுபவம் உண்டு. 2012 ஜனவரியில் சேப்பாக்கத்தில் பழைய அரண்மனைக் கட்டடமான கலச மகால் எரிந்தது. அதைப் பொதுப்பணித் துறை மீட்டெடுத்து, இன்று அங்கே பசுமைத் தீர்ப்பாயம் நடக்கிறது. சுண்ணாம்புச் சாந்தும், தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்தாக, சாய்வாக அடுக்கும் மெட்ராஸ் டெரஸ் கூரையும் தெரிந்த கைகள் இல்லாமல் அந்த மாதிரிக் கட்டடத்தைத் தொட முடியாது. அப்படிப்பட்ட கைகளை ஒவ்வொரு வேலைக்கும் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அடுத்த தீ விபத்துக்கு நம்மிடம் ஸ்கேன் நிச்சயம் இருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், மானியத்தோடு கிடைக்கிறது. சாதியைக் கேட்காத திட்டம். குறைந்தபட்ச வயது 35 என்று வைத்ததன் பின்னால் இருப்பதும் குலத்தொழில் குறித்த நியாயமான பயம்தான். ஆனால் அது ஏற்கெனவே தொழில் தெரிந்தவருக்கான திட்டம். மத்திய அரசின் 1961-ஆம் ஆண்டு பழகுநர் சட்டமோ பெரிய நிறுவனங்களை மனதில் வைத்தது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில்தான் பழகுநரை எடுப்பது கட்டாயம். இரண்டு பேர் உட்கார்ந்து வேலை செய்யும் தச்சுப் பட்டறையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பள்ளிப்படிப்பை முடித்த, தன் விருப்பத்தில் வரும் இருபது வயதுக்காரருக்கு, ஆணோ பெண்ணோ, இந்த இரண்டிலும் இடம் இல்லை.

மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கிய அரசு சிற்பப் பயிற்சி நிலையம் இன்று கல்லூரியாக நிற்கிறது. 133 அடி வள்ளுவர் சிலையை வடிவமைத்த கணபதி ஸ்தபதி அதன் முதல்வராக இருந்தவர். பரம்பரையில் இருந்ததைப் பள்ளிக்கூடமாக மாற்றி, விண்ணப்பிக்கும் யாருக்கும் திறந்துவிட முடியும் என்று இந்த மாநிலம் அப்போதே செய்து காட்டியிருக்கிறது. கட்டட மரவேலைக்கும் சுண்ணாம்புச் சாந்து வேலைக்கும் அதே மாதிரி இடங்கள் ஏன் போதுமான அளவில் இல்லை? அறநிலையத் துறையின் கீழ் 40,000-க்கும் மேற்பட்ட கோயில்கள் இருக்கின்றன, திருப்பணிகள் நடந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு திருப்பணி டெண்டரிலும் பழகுநர் சம்பளம் என்று தனியாக ஒரு வரி இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. மெஷின் மிச்சப்படுத்தும் பணத்தில் ஒரு பங்கு அந்த வரிக்குப் போகட்டும். அதேபோல, ஆசாரியையும் கொத்தனாரையும் பட்டம் கேட்காமல், முறையான சம்பளத்தோடு ஆசிரியராக எடுக்கக் கட்டடக்கலைக் கல்லூரிகளுக்கு அனுமதி வேண்டும். வருடத்துக்கு ஒரு நாள் பயிலரங்கு நடத்திப் பொன்னாடை போர்த்தி அனுப்புவது மரியாதை ஆகாது.

அரசு வரும் வரை தனியார் அலுவலகங்கள் காத்திருக்கவும் தேவையில்லை. எங்கள் அலுவலகத்தில், மரவேலை இருக்கும் வீடுகளின் மதிப்பீட்டில் மெஷின் செதுக்கலுக்கு ஒரு தொகை, ஆசாரிக்கு ஒரு தொகை, அவரிடம் பழகுபவருக்கு ஒரு தொகை என்று மூன்றாகப் பிரித்து எழுதுகிறோம். மூன்றாவது எதற்கு என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். விளக்கினால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள். கதவின் ஒரு பகுதியை, பெரும்பாலும் கீழ்ச்சட்டத்தை, மெஷினில் ஓட்டாமல் வெறும் பலகையாக ஆசாரி பட்டறைக்கு அனுப்புகிறோம், பழகுபவர் கை வைப்பதற்காக. கெட்டுப்போனால் மாற்றிக்கொள்ளக் கூடுதலாக ஒரு பலகையும் கணக்கில் சேர்த்தே வாங்குகிறோம். இந்த மதிப்பீட்டின் மாதிரி வேண்டும் என்கிற கட்டடக்கலைஞர்கள், இன்டீரியர் செய்பவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன். இதைவிட நல்ல ஏற்பாடு யாராவது வைத்திருந்தால் கமெண்டில் எழுதுங்கள், நாங்களும் எடுத்துக்கொள்கிறோம்.