'இன் தி ஏர் டுநைட்': மூழ்கியவர் கதை உண்மையல்ல

'இன் தி ஏர் டுநைட்' பாட்டைப் பாடிய பிரிட்டிஷ் பாடகர் பில் காலின்ஸ் பற்றி ஒரு ஃபார்வர்டு மறுபடி சுற்றுகிறது. ஒருவர் நீரில் மூழ்கியபோது உதவாமல் நின்றவனைத் தேடிப்பிடித்து, கச்சேரியில் முன்வரிசையில் உட்காரவைத்து இந்தப் பாட்டைப் பாடினாராம்.

அப்படி எதுவும் நடக்கவில்லை. 1981இல் வெளியான இப்பாட்டு, முதல் மனைவியுடனான மணமுறிவின் கோபத்தில் பிறந்தது. வரிகளில் பெரும்பகுதி பாடும்போதே வாயில் வந்தவை என்று 2016இல் ஜிம்மி ஃபாலனின் அமெரிக்க டிவி நிகழ்ச்சியில் காலின்ஸே சொன்னார். யூடியூபில் தேடிப் பார்க்கலாம். நீ மூழ்கினாலும் கை கொடுக்கமாட்டேன் என்ற ஒரு வரிதான் இத்தனைக்கும் காரணம்.

ராப் பாடகர் எமினெமின் 'ஸ்டான்' பாட்டிலும் இக்கதை வருகிறதே என்பார்கள். அதைச் சொல்வது வெறிபிடித்த ரசிகனாக வரும் கற்பனைப் பாத்திரம். அவனையா சாட்சிக்கு அழைப்பது?

உங்கள் குழுவுக்கு வந்தால் தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள்.