வட்டம் விழாத தட்டு

“வட்டம் விழவில்லை சார். வேறு மரத்து இலையை எடுத்துக்கொள்ளட்டுமா?”

முதுகலைத் தாவரவியல் படிக்கும் மாணவி ஒருத்தி போன வாரம் கேட்டாள். அழகர்மலை அடிவாரத்திலிருந்து வேப்பிலை கொண்டுவந்திருந்தாள். மேலே ஒட்டியிருக்கும் கிருமிகள் சாக ஆல்கஹாலிலும் சோடியம் ஹைப்போகுளோரைட்டிலும் கழுவி, துண்டுகளாக நறுக்கி, நுண்ணுயிர் வளர்க்கும் கூழான அகார் ஊற்றிய தட்டில் வைத்திருந்தாள். கடைசியாகக் கழுவிய நீரைத் தனித் தட்டில் ஊற்றி, அதில் எதுவும் முளைக்கவில்லை என்பதையும் பார்த்துவிட்டாள். ஆகவே நறுக்கிய விளிம்பிலிருந்து நீண்ட வெள்ளை இழைகள் இலைக்குள்ளேயே குடியிருந்தவை என்று நம்பலாம். உள்வாழ் பூஞ்சைகள். அவற்றின் சாற்றை நோய்க்கிருமி வளரும் தட்டில் வைத்தாள். கிருமி வளராத தெளிந்த வட்டம் எதுவும் விழவில்லை. அத்தோடு அந்தப் பூஞ்சையைத் தூக்கிப் போடத் தயாராகிவிட்டாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். வட்டம் விழுந்தால் ஆய்வேடு, விழாவிட்டால் குப்பைக்கூடை என்று பழக்கியவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள்தான். மனிதனுக்கு மருந்தாகுமா என்ற ஒரே கேள்வியோடு இலையை நறுக்குகிறோம். அந்தப் பூஞ்சை மரத்துக்கு என்ன செய்கிறது என்று கேட்பதே இல்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை.

அமெரிக்காவில் ஃபெஸ்க்யூ என்றொரு மேய்ச்சல் புல் உண்டு. அதை மேய்ந்த மாடுகள் வெயில் தாங்காமல் இளைத்தன. குளிர்காலத்தில் சிலவற்றுக்கு வால் நுனியும் குளம்பும் அழுகின. புல்லுக்குள் வாழும் ஒரு பூஞ்சைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 1977-இல் வெளிவந்தது. அது சுரக்கும் எர்கோவேலின் என்ற வேதிப்பொருள் மாட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. சரி, பூஞ்சை இல்லாத விதையை விதைப்போம் என்றார்கள். மாடு தேறியது, ஆனால் புல் நலிந்தது. வறட்சியையும் பூச்சியையும் கடும் மேய்ச்சலையும் அதனால் முன்போல் தாங்க முடியவில்லை. அதே பூஞ்சை லோலின் என்ற வேறொரு பொருளையும் சுரந்து பூச்சிகளை அண்டவிடாமல் வைத்திருந்தது. கடைசியில், மாட்டுக்கு நஞ்சாகாமல் புல்லைக் காக்கும் பூஞ்சை வகைகளைத் தேடியெடுத்துப் புல்லுக்குள் மறுபடி குடியேற்றினார்கள். யாருக்கு நஞ்சு, யாருக்குக் காவல் என்ற கேள்வியைப் புல், பூச்சி, மாடு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்ததால்தான் அவர்களால் விடுவிக்க முடிந்தது. தட்டில் விழும் வட்டம் இதில் எதையாவது சொல்லியிருக்குமா?

புல்லில் அந்தப் பூஞ்சை விதை வழியாகத் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது. வெப்பமண்டல மரங்களின் கதை வேறு. தளிர் பெரும்பாலும் வெறுமையாகத்தான் விரிகிறது. காற்றும் மழையும் பனியும் பூஞ்சை வித்துகளைக் கொண்டுவந்து அதற்குள் குடியேற்றுகின்றன. பனாமாவில் கோகோ கன்றுகளின் இலைகளில் இப்படிப்பட்ட பூஞ்சைகளைக் குடியேற்றிப் பார்த்தார்கள். அந்த இலைகளில் ஃபைட்டாப்தோரா என்ற கிருமியால் வரும் நோயின் சேதம் குறைந்தது என்ற முடிவு 2003-இல் வெளியானது. எல்லாக் குடிகளும் நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வேம்பின் நுனிக்கருகல் நோயை உண்டாக்குவது ஃபோமாப்சிஸ் என்ற இனத்துப் பூஞ்சை ஒன்று. அதன் உறவினங்கள் எத்தனையோ மரங்களின் இலைகளுக்குள் அடங்கி வாழ்கின்றன.

காற்றும் மழையும்தான் குடியேற்றுகின்றன என்றால், ஓர் இலைக்குள் யார் இருக்கிறார்கள் என்பதைச் சுற்றியுள்ள காடும் தீர்மானிக்கும். அதனால்தான் கோயில் காடுகளை நினைக்கிறேன். 2022-இல் மதுரை அருகே அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது, சுமார் 193 ஹெக்டேர். டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றபோது பறவைகளையும் சுனைகளையும் சமணர் படுக்கைகளையும் காட்டி மக்கள் போராடினார்கள், 2025 ஜனவரியில் சுரங்கத்துக்கான ஏலம் ரத்தானது. அந்த மக்களை எத்தனை முறை வணங்கினாலும் தகும். அதே ஆண்டில் அழகர்மலைக்கு அருகே காசம்பட்டி கோயில் காடும் இரண்டாவது தலமாக அறிவிக்கப்பட்டது. வெறும் 4.97 ஹெக்டேர். பூ ஒடிக்கவும் சாமிக்குப் பயந்த ஊர் காத்துவைத்த இடம். அங்குள்ள மரங்களின் இலைகளுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலும் அந்தக் காட்டின் கணக்கில் சேர வேண்டும்.

இன்னொன்றும் மாணவர்கள் அறிய வேண்டும். மரத்தைவிட்டுப் பிரித்துத் தட்டில் வளர்த்தால் பல பூஞ்சைகள் ஊமையாகிவிடுகின்றன. வேதிப்பொருளைச் செய்யும் மரபணுக்கள் இருக்கும். தூண்டுவதற்கு அருகில் செடியும் இல்லை, போட்டிக்கு இன்னொரு பூஞ்சையும் இல்லை. இரண்டு பூஞ்சைகளை ஒரே தட்டில் எதிரெதிரே வளர்த்தால் சில சமயம் தனியாக இருந்தபோது காணாத பொருள் வெளிப்படுகிறது. 1993-இல் யூ என்ற ஊசியிலை மரத்தின் பூஞ்சை ஒன்று டாக்சால் என்ற புற்றுநோய் மருந்தைச் சுரக்கிறது என்ற செய்தி உலகையே உலுக்கியது. எங்கள் ஆய்வேடுகளின் முன்னுரைகளில் இன்றும் அதைப் பார்க்கலாம். 2013-இல் அந்தப் பூஞ்சையையே மறுபடி சோதித்தவர்கள், அது தானாக டாக்சால் செய்வதற்குச் சான்றில்லை என்று எழுதியதை முன்னுரைகளில் காண்பது அரிது. அதையும் எழுதுங்கள்.

அந்த மாணவியிடம், தட்டை எறியாதே என்றேன். எந்த மரம், எந்த மாதம், தளிரா முற்றலா, மழைக்கு முன்னா பின்னா என்று குறித்துவைக்கச் சொன்னேன். அதே மரத்தின் இலையைச் சித்திரை வெயிலில் ஒருமுறையும் ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருமுறையும் எடுக்கப்போகிறோம். பூச்சி கடித்த இலையையும் கடிக்காத இலையையும் தனித்தனியாக. மதுரையைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் வட்டம் விழாத தட்டுகள் யாரிடமாவது இருந்தால், அந்த ஒரு பூஞ்சை மட்டும் வளரும் தூய வளர்ப்பாக்கிக் குளிர்பெட்டியில் வையுங்கள். எனக்குச் செய்தி அனுப்புங்கள். நானே வந்து பார்க்கிறேன்.