ஆடியில் வேலை இல்லை என்று யார் சொன்னது?

வீடு, நிலத்துக்கு மதிப்பு போடும் ஆபீசில் நான் வேலை பழகுகிறேன். ஆடி பிறந்த மூன்றாம் நாளே அங்கே சொல்லிவிட்டார்கள்: "சைட் எதுவும் வரலப்பா, ஆவணி பொறந்ததும் போன் பண்றோம்." பெட்ரோலுக்கே பத்தாத உதவித்தொகைதான் தருகிறார்கள். இந்த மாதம் அதுவும் கிடையாது. வயிறு எரிகிறது, பணத்துக்காக மட்டும் இல்லை.

சரி, ஆடிப்பெருக்கு நாளைத் தவிர ஆடியில் யாரும் பத்திரம் போட மாட்டார்கள், லோனுக்கு மதிப்பு போடச் சொல்லி பேங்க் ஃபைலும் வராது. வேலூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? ஆனால் சைட் வராவிட்டால் வேலையே இல்லையா? சீசனில் காலையில் சத்துவாச்சாரி, மத்தியானம் காட்பாடி, சாயங்காலம் குடியாத்தம் என்று ஓடுவோம். டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. "ஏன் சார் இந்த ரேட் போட்டீங்க?" என்று மதிப்பு போடும் எங்கள் சாரைக் கேட்டால் "அப்புறம் சொல்றேன்" என்பார். அந்த அப்புறம் ஆடியில் வராமல் வேறு எப்போது வரும்?

போன தையில் கொசப்பேட்டையில் ஒரு பழைய வீட்டை என்னைத் தனியாக அளக்க விட்டார்கள். உள்ளே 20 அடிக்கு 30 அடி, 600 சதுர அடி என்று எழுதிக் கொடுத்தேன். சுற்றிலும் 9 அங்குலச் சுவர். வெளிச்சுவரோடு அளந்தால் 21½ அடிக்கு 31½ அடி, 677 சதுர அடி வருகிறது. சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்தால்கூட ஒன்றரை லட்சத்துக்கு மேல் வித்தியாசம். பார்ட்டி முன்னாலேயே திட்டு விழுந்தது. சுவருக்கு உள்ளே அளக்கும் கார்ப்பெட் ஏரியா எது, வெளிச்சுவரோடு அளக்கும் பிளின்த் ஏரியா எது என்று ஒருநாள் உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார்களா? சும்மா கிடக்கும் ஒரு மத்தியானம், இந்த ஆபீசையே உள்ளேயும் வெளியேயும் அளந்து காட்டச் சொல்லியிருந்தால் முடிந்திருக்குமே!

ஆபீசில் இருக்கும் அந்த பீரோவைப் பார்த்தால்தான் ஆத்திரம் இன்னும் ஏறுகிறது. பத்து வருஷத்து ரிப்போர்ட்டுகள் நூல் கட்டி அப்படியே கிடக்கின்றன. கூடவே பழைய பத்திர நகல்கள். 1989-க்கு முந்தைய பத்திரத்தில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்றிருக்கும். 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்த பிறகு அதே நிலம் வேறு மாவட்டத்தில் இருக்கலாம். அளவு ஒன்றில் குழி என்ற பழைய கணக்கில் இருக்கும், இன்னொன்றில் சென்ட்டில் இருக்கும். சர்வே எண் உட்பிரிவாகிக் கிளை விட்டிருக்கும். பத்திரத்தையும் பட்டாவையும் சர்வே வரைபடமான புலப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான்கு எல்லையைப் பொருத்திப் பார்க்க ஒரு ஃபைலுக்கு அரை நாள் ஆகும். சீசனில் அந்த அரை நாளை யார் தருவார்கள்?

ஊர்வாரியாக ஒரு நோட்டுப் போடலாம். பத்திரப் பதிவுக்கு அரசு வைத்த வழிகாட்டி மதிப்பு, பத்திரத்தில் காட்டிய விலை, ஊரில் உண்மையாகவே கைமாறிய விலை. மூன்றும் மூன்று மாதிரி இருக்கும். 2017-ல் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள். பத்திரம் எந்த வருஷத்தது என்று பார்க்காமல் விலையை ஒப்பிட்டால் ரிப்போர்ட்டே தப்பாகப் போகும். இந்த நோட்டு இருந்தால் ஆவணியில் சாருக்கும்தானே வேலை பாதியாகும்!

சாரிடம் பீரோ சாவியைக் கேட்டேன். "அதெல்லாம் பார்ட்டி ரகசியம்பா" என்றார். அதில் பாதியை டைப் அடித்ததே நான்தான். பேரை மறைத்துவிட்டுத் தரட்டும், நானே மறைத்துத் தருகிறேன். அதற்கும் "எங்க காலத்துல நாங்களாதான் கத்துக்கிட்டோம்" என்று ஒரே பதில்.

சிவில் டிகிரி முடித்தவன் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஆக 5 வருஷ அனுபவம் வேண்டும். அப்புறம் 50 மணி நேரப் படிப்பு, தேர்வு. ஆடியும் மார்கழியும் வீட்டில் உட்கார்ந்தால் அந்த 5 வருஷத்தில் 10 மாதம் போச்சு. யார் திருப்பித் தருவார்கள்?

இந்த மாதம் நானாகவே அரியூர் பக்கம் தெரிந்த மேஸ்திரியோடு சைட் சைட்டாகப் போனேன். செங்கல், கம்பி, சென்ட்ரிங் கூலி எல்லாம் இன்றைக்கு என்ன விலை என்று எழுதி வைத்தேன். ராத்திரியில் பதிவுத்துறை இணையதளத்தில் எங்கள் தெரு மனைகளுக்கு வில்லங்கம் பார்த்தேன். அதற்குக் காசு கிடையாது. நோட்டில் 40 பக்கம் நிரம்பிவிட்டது.

நேற்று போன் வந்தது. "பாகாயத்துல ஒரு சைட், டேப் எடுத்துட்டு வந்துடு." போனேன். மார்கழிக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அந்த மாதம் பீரோ சாவி வேண்டும் என்று இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.